நோய்ச் செலவும் நம் படிப்பும்: சுகாதாரக் காப்பீட்டுத் துறையில் அரசாங்கப் பணி

நம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் தமிழ் மாணவரிடம் 'அடுத்து என்ன?' என்று கேட்டால் மூன்று விடைகளுள் ஒன்று வரும். ஆராய்ச்சி என்பார் சிலர். வெளிநாடு என்பார் சிலர். 'ஏதாவது ஒரு சர்க்கார் உத்தியோகம்' என்பார் மிகப் பலர். முதல் இரு வகையினரும் எந்தப் பேராசிரியரிடம், எந்த நாட்டில் என்பது வரை எண்ணி வைத்திருக்கின்றனர். மூன்றாம் வகையினரோ எந்த உத்தியோகம், அதில் அன்றாடம் செய்யும் வேலை என்ன, அவ்வேலையால் நாட்டில் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஏதாவது' என்ற சொல்லிலேயே எண்ணம் நின்றுவிடுகிறது.

ஆகவே, ஒரே ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அதில் நுழையும் வழிகளை முறையாகச் சொல்வது நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதினேன். நான் எடுத்துக்கொண்ட துறை சுகாதாரக் காப்பீடு. அதிலும் பாலிசி விற்பதன்று, கொள்கை வகுக்கும் பணி. நான் புள்ளியியல் மாணவன். ஓராண்டாக இத்துறைக்குரிய தேர்வுகளுக்குப் படித்து வருகிறேன். இன்னும் தேர்வு பெற்றவன் அல்லேன். வழியில் நடக்கும்போதே குறித்து வைத்தவற்றை, பின்னால் வருவோருக்கும் உடன் வருவோருக்கும் இங்கே தருகிறேன்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அது 95-ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன். இந்த நான்கும் இன்றும் வேண்டியவையே. ஆனால் இன்றைய மருத்துவமனையின் வாயிலில் ஐந்தாவதாக ஒரு கேள்வி நிற்கிறது: பணம் கட்டுவது யார்? அந்தக் கேள்விக்கு நாடு தரும் விடைதான் சுகாதாரக் காப்பீட்டுக் கொள்கை.

துறை வளர்ந்த வரலாறு

தேர்வுக்குப் படிப்போர் முதலில் வரலாற்றை அறிய வேண்டும். ஆண்டுகளை மனப்பாடம் செய்வது போதாது. ஒவ்வொரு திட்டமும் எந்தக் குறையை நீக்கப் பிறந்தது என்று கேட்டுப் படித்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதியில், 1943-இல், பேராசிரியர் பி.பி. அடார்க்கர் தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்க நியமிக்கப்பட்டார். 1944-இல் அறிக்கை தந்தார். அதே காலத்தில் சர் ஜோசப் போர் தலைமையில் இருந்த குழு 1946-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பணம் கொடுக்க இயலாமையால் எவரும் மருத்துவம் பெறாது போதல் கூடாது என்பது போர் குழுவின் அடிப்படைக் கொள்கை. இந்த இரண்டு அறிக்கைகளும் இரண்டு வழிகளைக் காட்டின. அடார்க்கர் காட்டியது, பணிபுரிவோரும் முதலாளியும் பணம் சேர்த்து வைக்கும் காப்பீட்டு வழி. போர் காட்டியது, வரிப்பணத்தில் அரசாங்கமே மருத்துவமனை நடத்தும் வழி. அன்று முதல் இன்று வரை இந்திய நாட்டின் சுகாதாரக் கொள்கை இவ்விரு வழிகளிலும் மாறி மாறி நடந்து வருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

முதல் வழியில் 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இதையே நாம் இ.எஸ்.ஐ. என்கிறோம். 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. கான்பூரில் பண்டித நேரு தொடங்கி வைத்தார். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இதன் விதிகள் சேர்க்கப்பட்டன. மத்திய அரசாங்க ஊழியருக்கென்று தனித் திட்டம் 1954-இல் தில்லியில் தொடங்கியது.

பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையாகி, நான்கு கம்பெனிகளாகத் திரட்டப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அவற்றுள் ஒன்று. 1986-இல் இக்கம்பெனிகள் 'மெடிக்ளெயிம்' என்னும் மருத்துவப் பாலிசியைக் கொண்டுவந்தன. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு இடம் தந்து, அவற்றை மேற்பார்க்க ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தையும் அமைத்தது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் அந்த ஆணையத்தின் தலைமையிடம் ஐதராபாத்.

ஏழைகளுக்கான திட்டங்கள் பின்னரே வந்தன. 2007-இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ. 2008-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ராஷ்டிரிய சுவாஸ்தய பீமா யோஜனா, ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 30,000 வரை, 2009-இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இந்த மாநில அனுபவங்களின் மேல்தான் 2018 செப்டம்பர் 23-இல் ராஞ்சியில் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்பது அதன் உறுதி. 2024-இல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும், வருமானம் பாராது, இது விரிவாக்கப்பட்டது.

ஒரு குடும்பத்தின் நான்கு கேள்விகள்

வரலாற்றை இப்படிப் படித்தால் எல்லாம் நிறைவேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இத்திட்டங்களின் நடுவே நிற்கும் குடும்பங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை நான் நன்கு அறிவேன்; அது என் குடும்பம்.

என் தந்தையார் விருதுநகர் மாவட்டத்திலிருந்து பிழைப்பு நாடித் தில்லிக்கு வந்தவர். ஓக்லாவில் ஓர் அச்சகத்தில் பணிபுரிகிறார். பல ஆண்டுகள் எங்களுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகமே துணை. அம்மாவின் சர்க்கரை நோய்க்கு மருந்தும் பரிசோதனையும் அங்கேதான் கிடைத்தன. ஊதியம் ரூ. 20,000 என்றால், 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி தொழிலாளி நூற்றுக்கு முக்கால் வீதம் ரூ. 150 கட்டுவார், முதலாளி நூற்றுக்கு 3.25 வீதம் ரூ. 650 கட்டுவார். இந்த ரூ. 800-க்கு மொத்தக் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. நோயால் பணிக்குப் போக இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டில் 91 நாட்கள் வரை கிடைக்கும்.

2022-இல் தந்தையாருக்கு ரூ. 900 ஊதிய உயர்வு வந்தது. மாத ஊதியம் ரூ. 21,000-ஐக் கடந்தது. திட்டத்தின் ஊதிய வரம்பு 2017 ஜனவரி முதல் அந்த ரூ. 21,000-தான். பங்களிப்புக் காலமும் அதற்குரிய பயன்காலமும் கழிந்த பின், விதிப்படி நாங்கள் திட்டத்திலிருந்து வெளியேறினோம். அம்மாவின் மருந்துச் செலவு, கிடைத்த உயர்வைவிட மிகுதியாயிற்று. தந்தையார் தனியார் பாலிசி ஒன்று வாங்கினார். சர்க்கரை நோய் முன்பே இருப்பதால் அதன் தொடர்பான சிகிச்சைக்கு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றனர். ஏழைகளுக்கான திட்டத்திலோ, 2011 கணக்கெடுப்பின்படி எடுத்த பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

"ஊதியம் கூடினதுக்கு இனிப்பு வாங்கிட்டு வந்தேனே, அதுதாண்டா கடைசி லாபம்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்கொண்டால் என்ன என்று என்னிடம் தனியே கேட்டார். அது கூடாது என்று நான் சொன்னேன். மருந்துக்காக நான் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கினேன். விதியை எழுதியவர்மேல் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் யார், எந்த மேசையில் அமர்ந்து எழுதுகிறார் என்ற கேள்விதான் வந்தது. ஒன்று நான்காகப் பிரிந்தது.

முதற் கேள்வி: ஊதிய வரம்பு ஏன் ரூ. 21,000? இரண்டாம் கேள்வி: முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு ஏன்? மூன்றாம் கேள்வி: பட்டியலில் இடம்பெறுவோர் யார், விடுபடுவோர் யார் என்று முடிவு செய்வது எவர்? நான்காம் கேள்வி: எங்களைப் போன்ற குடும்பங்கள் நாட்டில் எத்தனை?

நான்கு கேள்விக்கும் விடை நான்கு அலுவலகங்களில் உள்ளது. முதலாவது தொழிலாளர் அமைச்சகமும் அதன்கீழ் உள்ள இ.எஸ்.ஐ. கழகமும். இரண்டாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் அந்த ஆணையம் காத்திருப்பின் உச்ச அளவை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. மூன்றாவது மத்திய சுகாதார அமைச்சகம், தேசிய சுகாதார ஆணையம், மாநிலங்களின் சுகாதார முகமைகள். நான்காவது தேசியப் புள்ளியியல் அலுவலகம். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, நம் மக்களில் நூற்றுக்கு 30 பேராவது, அதாவது சுமார் 40 கோடிப் பேர், எவ்வகை மருத்துவக் காப்பும் இன்றி இடையில் நிற்பதாகக் கணக்கிட்டது. எங்கள் வீட்டில் ஐவர் அந்த 40 கோடியில் அடக்கம்.

நான்கு வாயில்கள்

இனி இந்த நான்கு அலுவலகங்களுக்கும் நுழையும் தேர்வுகளைப் பார்ப்போம். இங்கே தரும் விவரங்கள் அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளைக் கொண்டவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுதும் படித்த பிறகே படிவத்தை நிரப்ப வேண்டும்.

முதல் வாயில், இ.எஸ்.ஐ. கழகம். இங்கே சமூகப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி உண்டு. 2022 அறிவிப்பில் 93 இடங்கள். பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். வயது 21 முதல் 27 வரை. வயது வரம்பு குறுகலாக இருப்பதால், எம்.எஸ்ஸி. முடித்துச் சில ஆண்டு தாமதித்தால் இவ்வாயில் அடைபட்டுவிடும். துணை இயக்குநர் பதவிக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. 2021-இல் 151 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தொழிலாளர் சட்டங்கள், கணக்கியல், சமூகப் பாதுகாப்பு ஆகியவை இங்கே முக்கியம். இந்த அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை.

இரண்டாம் வாயில், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உதவி மேலாளர் தேர்வு. 2024-இல் 49 இடங்கள்; வயது 21 முதல் 30 வரை. பொதுப் பிரிவுக்கு எந்தப் பட்டமும் போதும், நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும். நிதி, சட்டம், கணினி, ஆராய்ச்சி, ஆக்சுவரி எனத் தனிப் பிரிவுகளும் உண்டு. தேர்வு மூன்று படிகள் கொண்டது. முதற்படி 160 மதிப்பெண்ணுக்குக் கொள்குறி வினாக்கள்: தருக்கம், ஆங்கிலம், பொது அறிவு, கணிதம், ஒவ்வொன்றுக்கும் 40. இரண்டாம் படியில் விரிவாக எழுதும் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்: ஆங்கிலம்; காப்பீட்டைப் பாதிக்கும் பொருளாதார, சமூகப் பிரச்சினைகள்; காப்பீடும் மேலாண்மையும். மூன்றாம் படி நேர்முகம். காப்பீட்டுக் கொள்கையை நேராகத் தொடும் தேர்வு இதுவே என்பது என் கருத்து.

மூன்றாம் வாயில், குடிமைப் பணித் தேர்வு. தேசிய சுகாதார ஆணையத்திலும் மாநில முகமைகளிலும் தலைமைப் பதவிகளில் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளே அமர்கின்றனர். வயது 21 முதல் 32 வரை. பொதுப் பிரிவினருக்கு ஆறு முயற்சிகள். முதன்மைத் தேர்வில் 1750, நேர்முகத்தில் 275, ஆக மொத்தம் 2025 மதிப்பெண்கள். விருப்பப் பாடமாக இயற்பியல், வேதியியல், கணிதம், விலங்கியல், தாவரவியல், புள்ளியியல் ஆகியவற்றை எடுக்கலாம் என்பதும், முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதும் நம்மவர் நினைவில் கொள்ள வேண்டியவை. ஆனால் இவ்வழியில் சென்றோர் சுகாதாரத் துறையில்தான் அமர்வர் என்ற உறுதி இல்லை. அகலமான சாலை, எந்த ஊருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை.

நான்காம் வாயில், இந்தியப் புள்ளியியல் பணி. இது 1961-இல் உருவானது. புள்ளியியலை ஒரு பாடமாகக் கொண்ட இளங்கலைப் பட்டமோ, புள்ளியியலில் முதுகலைப் பட்டமோ வேண்டும். வயது 21 முதல் 30 வரை. பொது ஆங்கிலம் 100, பொது அறிவு 100, புள்ளியியல் நான்கு தாள்கள் ஒவ்வொன்றும் 200, நேர்முகம் 200. பொருளாதாரம் படிக்கும் நண்பர்களுக்கு இதனுடன் சேர்ந்தே நடக்கும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு உண்டு. இடங்கள் ஆண்டுக்குச் சில பத்துகளே. எனினும், படித்த பாடத்தையே எழுதித் தேறலாம் என்பதால் நான் இதனை முதலாகவும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தேர்வை இரண்டாவதாகவும் வைத்துக்கொண்டேன்.

இவையன்றி ஒரு பக்கவழியும் உண்டு. அது ஆக்சுவரி படிப்பு. காப்பீட்டுக் கட்டணத்தைக் கணிக்கும் நிபுணரை ஆக்சுவரி என்கின்றனர். இந்திய ஆக்சுவரிகள் கழகம் நுழைவுத் தேர்வும் படிப்படியான தாள்களும் நடத்துகிறது. 2024 அறிவிப்பில், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆக்சுவரி பிரிவுக்குப் பட்டத்துடன் இக்கழகத்தின் ஏழு தாள்களில் தேறியிருத்தல் வேண்டும் என்று கேட்கப்பட்டது. கணிதமும் புள்ளியியலும் படிக்கும் நண்பர்கள் எம்.எஸ்ஸி. முதலாண்டிலேயே இதனைத் தொடங்கலாம். தாள் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டாகையால் வீட்டு நிலைமையையும் பார்த்துக்கொள்க.

காப்பீட்டின் கணக்கு

தேர்வுக்குப் போகுமுன் ஒரு கணக்கைத் தெளிவாக அறிந்துகொள்வோம். இதனை அறியாமல் காப்பீட்டுக் கொள்கை பேசுவது, ஆவியின் இயல்பை அறியாமல் எஞ்சின் ஓட்டுவதை ஒக்கும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு சிற்றூரில் 1,000 குடும்பங்கள். ஆண்டில் இருபதில் ஒரு குடும்பத்துக்கு மருத்துவமனைச் செலவு நேர்கிறது, செலவு ரூ. 40,000. ஆக 50 குடும்பங்களுக்கு ரூ. 20 லட்சம். எல்லாக் குடும்பங்களும் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ரூ. 2,000. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சரியாக 50 குடும்பங்களுக்கே நோய் வரும் என்பதில்லை. திட்ட விலக்கம் ஏறக்குறைய 7. ஆகவே 36-லிருந்து 64 வரை ஏறி இறங்கலாம், பங்கு ரூ. 1,440-இலிருந்து ரூ. 2,560 வரை மாறலாம். இதே கணக்கை 1 லட்சம் குடும்பங்களுக்குச் செய்து பாருங்கள். நோயுறுவோர் 5,000, திட்ட விலக்கம் ஏறக்குறைய 69. பங்கு ரூ. 1,945-க்கும் ரூ. 2,055-க்கும் இடையிலேயே நிற்கும். கூட்டம் நூறு மடங்கு பெருகினால் தடுமாற்றம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. காப்பீட்டின் வலிமை முழுதும் இதில்தான் உள்ளது. ஒருவர் நோய் மற்றவர் நோயைச் சாராது என்பது இதன் அடிப்படை. 2020-இல் வந்தது போன்ற கொள்ளைநோய்க் காலத்தில் அந்த அடிப்படை ஆடிப்போகும் என்பதையும் குறித்துக்கொள்க.

அடுத்த படி. அந்த 1,000 குடும்பங்களில் பாதி திடமானவை. நூற்றில் 2-க்கே நோய். மறுபாதி நலிந்தவை, நூற்றில் 8-க்கு நோய். சராசரி அதே நூற்றுக்கு 5. ஆனால் திடமான குடும்பத்தின் உண்மைச் செலவு ரூ. 800, நலிந்த குடும்பத்தின் செலவு ரூ. 3,200. விரும்பினால் சேரலாம் என்று சொன்னால், திடமானோர் 'எங்களுக்கு ஏன் ரூ. 2,000?' என்று விலகுவர். எஞ்சியோர் ரூ. 3,200 கட்ட வேண்டும். அதிலும் சற்றுத் திடமானோர் விலகுவர். கட்டணம் மேலும் ஏறும். இப்படியே கூட்டம் கரைந்துபோகும்.

இதைத் தடுக்க மூன்று உபாயங்கள் உண்டு. எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்வது ஒன்று, இ.எஸ்.ஐ. அவ்வாறானது. கட்டணத்தை வரிப்பணத்திலிருந்து அரசாங்கமே கட்டுவது மற்றொன்று. ஜன் ஆரோக்கிய யோஜனா அவ்வாறானது. நோய் வந்த பின் ஓடிவந்து சேருவோரைத் தடுக்கக் காத்திருப்பு வைப்பது மூன்றாவது. தனியார் பாலிசி அவ்வாறானது. என் தாயாரைத் தடுத்த விதியின் காரணம் எனக்கு இந்தக் கணக்கைப் படித்த பின்னரே விளங்கிற்று. காரணம் உண்டு என்பதால் கால அளவும் சரி என்றாகிவிடாது. 48 மாதமா, 36 மாதமா, 12 மாதமா என்பது கணக்கும் நியாயமும் கலந்த முடிவு. அம்முடிவைச் செய்யும் மேசையில் கணக்கும் தெரிந்து, காத்திருந்த வீட்டையும் கண்டவர் ஒருவர் அமர்ந்திருத்தல் நல்லது அன்றோ?

ஒரு மாதிரி வினா

நேர்முகத்துக்கும் விரிவான தாளுக்கும் ஏற்ற வினா ஒன்றைப் பார்ப்போம்: 'ஏழைகளின் சிகிச்சைச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியே கொடுப்பது நன்றா, அரசாங்க டிரஸ்ட் வழியே கொடுப்பது நன்றா?'

முதலில் இரண்டையும் வரையறுக்க வேண்டும். கம்பெனி முறையில் அரசாங்கம் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம் கட்டிவிடும். செலவு ஏறினாலும் இறங்கினாலும் பொறுப்பு கம்பெனியுடையது. டிரஸ்ட் முறையில் செலவான தொகையை அரசாங்கமே கட்டும், பொறுப்பும் அரசாங்கத்துடையது. தமிழ்நாடு முதல் முறையையும் கர்நாடகம் இரண்டாம் முறையையும் கைக்கொண்டவை என்று சான்று காட்டலாம். இரண்டையும் கலந்து செய்யும் மாநிலங்களும் உள்ளன.

பின் எடைபோட வேண்டும். கம்பெனி முறையில் அரசாங்கத்துக்கு ஆண்டுச் செலவு முன்னரே தெரியும். போலிக் கோரிக்கைகளைத் தடுப்பதில் கம்பெனிக்கே அக்கறை இருக்கும். ஆனால் அதே அக்கறை உண்மைக் கோரிக்கையையும் மறுக்கத் தூண்டலாம். செலவு ஏறினால் அடுத்த ஆண்டு பிரீமியமும் ஏறும். டிரஸ்ட் முறையில் லாபப் பங்கு மிச்சம். ஆனால் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்க்கும் திறமை அரசாங்கத்துக்கு வேண்டும். அத்திறமை இல்லையேல் பணம் ஒழுகும். ஆக விடை 'எது நன்று' என்பதன்று. 'எந்த மாநிலத்துக்கு எது ஏற்றது' என்பதே. பெரிய மாநிலத்தில் மேற்கூறிய கணக்கின்படி தடுமாற்றம் குறைவு. அங்கே ஆபத்தைத் தாங்க கம்பெனி தேவையில்லை. பில் சரிபார்க்கும் ஆட்களே தேவை. இவ்வாறு அடிப்படைக் கணக்கிலிருந்து விடையை எழுப்பினால் தேர்வாளர் மகிழ்வார்.

இன்னொன்றும் சேர்த்து எழுதுக. இத்திட்டங்கள் படுக்கையில் சேர்ந்தோருக்கே. அன்றாட மாத்திரைக்கும் புறநோயாளர் செலவுக்கும் அவை உதவுவதில்லை. என் தாயாரைப் போன்றோரின் சுமை பெரும்பாலும் அதுதான். ஆகவே, போர் குழு சொன்ன அரசாங்க மருத்துவமனை வழியைக் காப்பீடு நீக்கிவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

புள்ளிவிவரத்தைப் படிக்கும் முறையையும் பழகிக்கொள்க. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14-இல் நூற்றுக்கு 64.2, 2021-22-இல் 39.4. நல்ல செய்திதான். ஆனால் இது பங்கு, தொகை அன்று. அரசாங்கச் செலவு பெருகினால், வீட்டுச் செலவு ஒரு ரூபாயும் குறையாமலே பங்கு குறையலாம். இவ்வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தவரே கொள்கைப் பணிக்குத் தகுந்தவர்.

சான்றிதழும் பிற கவனங்களும்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்குச் சில தனிக் கவனங்கள் வேண்டும். நம் பெயரில் தந்தை பெயர் முதலெழுத்தாக நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஆதாரில் விரித்தும் இருந்தால், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் தொல்லை. இப்போதே ஒன்றாக்கிக்கொள்க.

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வேறு, மத்திய அரசாங்கத்தின் பட்டியல் வேறு. தம் வகுப்பு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, மத்தியப் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்புடன் சான்றிதழ் பெற வேண்டும். ஊருக்குப் போகும் விடுமுறையிலேயே தாலுகா அலுவலகத்தில் இதை முடித்துக்கொள்வது நல்லது. அறிவிப்பு வந்த பின் ரயில் டிக்கெட் தேடி அலைய வேண்டாம்.

மதிப்பெண்ணையும் கவனிக்க வேண்டும். இளங்கலையில் நூற்றுக்கு 60-க்குக் கீழே இருந்தால் சில வாயில்கள் மூடியிருக்கும். அவர்கள் குடிமைப் பணியையும் புள்ளியியல் பணியையும் நோக்கலாம். தேசிய சுகாதார ஆணையத்தில் ஒப்பந்தப் பணிகளும் உண்டு. அவை நிரந்தரமல்ல, ஆயினும் அனுபவம் தருபவை.

படிக்கும் முறை

நாள்தோறும் மூன்று மணி நேரம் போதும். நாள்தோறும் என்பதே முக்கியம். முதல் மணி கணிதமும் தருக்கமும். இரண்டாம் மணி பாடம். மூன்றாம் மணி ஒரு மூல ஆவணம்: 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, தேசிய சுகாதாரக் கணக்கு, நிதி ஆயோக் அறிக்கை, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆண்டறிக்கை, பொருளாதார ஆய்வறிக்கை. எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. பயிற்சி நிலையத்தாரின் சுருக்கக் குறிப்புகளுக்குப் பெரும் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் படியுங்கள். படித்ததை வாரம் ஒருமுறை ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் தமிழில் ஒரு பக்கமும் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தும் தமிழில் எழுத வரவில்லையென்றால், பொருள் இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளலாம். என் அனுபவத்தில் இது பிழையாத சோதனை.

இடங்கள் சில; போட்டியிடுவோர் பலர். எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருமுகமாகப் படித்தவருக்கு நான்கு வாயில்களில் ஒன்று மூடினாலும் அதே படிப்பு மற்றொன்றுக்கு உதவும். 'ஏதாவது ஓர் உத்தியோகம்' என்று படிப்பவருக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாலைகளில் நம் சங்க அறையில் ஐந்தாறு பேர் கூடி இத்தேர்வுகளுக்குப் படிப்பதென்று முடிவு செய்துள்ளோம். முதல் வாரத்துக்கு இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பை எடுத்துக்கொண்டுள்ளோம்: அதை எவ்வளவு உயர்த்தலாம், உயர்த்தினால் எத்தனை குடும்பம் உள்ளே வரும், செலவு யார் தலையில் விழும் என்று கணக்கிட்டு வருதல் வேண்டும். வேதியியல் நண்பர்களும் வரலாம். மொழியியல் நண்பர்களும் வரலாம். வீட்டில் இ.எஸ்.ஐ. அட்டையோ காப்பீட்டு அட்டையோ இருந்தால், அதன் பின்பக்கத்தில் உள்ள விதிகளையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.